பரிசோதனையும் பாசாங்கும்
விமானிகளின் வைத்தியத் தகுதி பற்றிய ஒரு விவாதம்

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி, ஸ்பெயினின் பார்சலோனா நகரிலிருந்து ஜேர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரை நோக்கிப் புறப்பட்ட ஜேர்மன்விங்ஸ் நிறுவன விமானமொன்று பிரான்சின் அல்ப்ஸ் மலைச்சாரலில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 150 பேரும் மாண்டனர். இயந்திரத்தில் கோளாறு இருக்கவில்லை. தலைமை விமானி சிறிது நேரம் வெளியே சென்ற சமயம் பார்த்து, துணை விமானி விமானி அறையின் கதவைத் திறக்கவிடாது தடுத்து, வேண்டுமென்றே விமானத்தைக் கீழிறக்கி மலையில் மோதினார் என்பதை விசாரணை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிற்று. அன்று அவரிடம் செல்லுபடியாகும் முதலாம் வகுப்பு வைத்தியத் தகுதிச் சான்றிதழ் இருந்தது. அது எட்டு மாதங்களுக்கு முன்னர்தான் முறைப்படி புதுப்பிக்கப்பட்டிருந்தது.

இவ்வனர்த்தத்தின் பின் எழுந்த கூக்குரல் எதிர்பார்க்கத்தக்கதே. பரிசோதனைகளைக் கடுமையாக்க வேண்டும், மனநோய் வரலாறு உடையோரை விமானி அறைக்குள் அனுமதிக்கவே கூடாது, விமானிகளைப் பொறுத்தவரை வைத்தியர்கள் இரகசியம் காக்கும் கடப்பாட்டைக் கைவிட வேண்டும் என்றெல்லாம் பல நாடுகளிலும் குரல்கள் ஒலித்தன. இக்கோரிக்கைகள் யாவற்றுக்கும் அடிப்படையான எடுகோள் ஒன்றே: பரிசோதனை கடுமையாகுந்தோறும் பாதுகாப்பு மிகும் என்பதே அது.

பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இவ்வெடுகோள் பிழையானது. உண்மையைச் சொல்பவனின் தொழிலைப் பறிக்கும் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதில்லை. நோயை மறைக்கவே அது மனிதரைப் பழக்குகிறது. அதன் கடுமை வளருந்தோறும் மறைப்பும் வளர்கிறது. இறுதியில், நோயாளி நலமுடையவனாக நடிக்க, வைத்தியர் அந்நடிப்புக்கு முத்திரையிட, பயணி அம்முத்திரையை நம்பி ஏறியமரும் நிலை தோன்றுகிறது.

கருவி காண்பதும் காணாததும்

விமானமோட்டுவோரின் உடற்றகுதியை முறையாகச் சோதிக்கும் வழக்கம் முதலாம் உலகப் போர்க்காலத்துப் படைகளில் வளர்ந்து, பின்னர் குடிசார் விமானப் போக்குவரத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, இலங்கை உள்ளிட்ட உறுப்பு நாடுகள் யாவற்றுக்கும் பொதுவான குறைந்தபட்ச நியமங்களை வகுத்துள்ளது. பயணிகள் விமானங்களைச் செலுத்துவோர் பொதுவாக 12 மாதங்களுக்கு ஒருமுறையும், 60 வயதைக் கடந்தோர் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும். பார்வை, நிறம் பிரித்தறியும் ஆற்றல், செவிப்புலன், குருதியமுக்கம், சிறுநீர், இருதய மின்வரைபு ஆகியன சோதிக்கப்படுகின்றன. இவற்றோடு ஒரு வினாக்கொத்தும் உண்டு. முன்னர் கொண்ட நோய்கள் யாவை, உட்கொள்ளும் மருந்துகள் யாவை, நாடிய வைத்தியர்கள் யாவர் என்பவற்றை விமானி தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுகின்றார்.

இங்கே இருவேறு வகையான அறிதல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருத்தலைக் கவனித்தல் வேண்டும். கண்ணின் கூர்மையையும் குருதியின் அமுக்கத்தையும் கருவி அளந்துவிடும். அளக்கப்படுபவனின் ஒத்துழைப்பு அதற்கு அதிகம் வேண்டியதில்லை. உறக்கமின்மை, நெஞ்சில் எப்போதோ தோன்றி மறைந்த நோ, விடியற்காலையில் எழ மறுக்கும் மனம், சாவைப் பற்றிய நினைவு என்பனவற்றை அளக்கும் கருவி எதுவுமில்லை. அவற்றை அறிவதற்கு மனிதனின் வாய்மொழி ஒன்றே வழி. ஆகவே, பரிசோதனையின் முக்கியமான பாதி, பரிசோதிக்கப்படுபவனின் நேர்மையையே நம்பி நிற்கிறது. அந்நேர்மைக்கு அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை.

கருவிகள் அளக்கும் பாதியும் முற்றிலும் நம்பத்தக்கதன்று. 1972ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி இலண்டன் ஹீத்ரோ விமானநிலையத்திலிருந்து பிரசெல்சுக்குப் புறப்பட்ட டிரைடென்ட் விமானம், சில நிமிடங்களில் ஸ்ரெயின்ஸ் என்னும் ஊரருகே வீழ்ந்து 118 உயிர்களைப் பலிகொண்டது. 51 வயதான தலைமை விமானியின் முடியுரு நாடிகள் நீண்டகாலமாகவே நோயுற்றிருந்தமை பிரேத பரிசோதனையில் தெரியவந்தது. உரிய காலங்களில் நடைபெற்ற வைத்தியப் பரிசோதனைகளும் இருதய மின்வரைபுகளும் அந்நோயைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஓய்வு நிலையில் எடுக்கப்படும் மின்வரைபு நாடியின் ஒடுக்கத்தைப் பெரும்பாலும் காட்டாது என்பது இருதயவியல் மாணவர் யாவரும் அறிந்ததே. அன்று விமானம் புறப்படுவதற்கு முன்னர், வேலைநிறுத்தம் தொடர்பாக அவருக்கும் சக விமானி ஒருவருக்குமிடையே கடுமையான வாக்குவாதம் நிகழ்ந்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. பரிசோதனை அறையின் அமைதியில் எடுக்கப்பட்ட வரைபில் தொழிற்றகராறும் மனக்கொதிப்பும் பதிவாவதில்லை.

ஆயினும், இருதய நோய் விடயத்தில் விமானவியல் வைத்தியம் பின்னர் கண்ட முன்னேற்றம் பாராட்டத்தக்கது. ஆபத்தை முற்றாக ஒழிக்க இயலாது என்பதை அது ஒப்புக்கொண்டது. பிரித்தானியாவில் உருவான 'ஒரு வீத விதி' இதற்குச் சான்று. ஒரு விமானி ஓராண்டில் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றை மீறாதிருப்பின், இரு விமானிகள் செலுத்தும் விமானத்தில் அவர் பணியாற்றலாம் என்பது அவ்விதி. ஓராண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். எனவே ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மணித்தியாலங்களுக்கு ஒருமுறையே அத்தகைய செயலிழப்பு நேரும். அவ்வாறு நேரினும் அருகிலிருப்பவர் பொறுப்பேற்பார். இக்கணக்கின் துணையால், இருதய அறுவைச் சிகிச்சை பெற்ற விமானிகளுட் பலர், உரிய கண்காணிப்புடனும் நிபந்தனைகளுடனும் மீண்டும் பறக்க முடிந்தது. நோயுற்றவரை வெளியே தள்ளாமல், நோயை அளந்து, சிகிச்சை அளித்து, தொழிலுக்குத் திரும்பும் பாதையைத் திறந்து வைத்த ஒரு முறை இது. பாதை திறந்திருந்தமையால், நெஞ்சு நோவை வைத்தியரிடம் சொல்வதற்கு ஒரு நியாயமும் பிறந்தது.

உடலுக்குக் கிடைத்த இந்நியாயம் மனத்துக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

மனத்துக்கு மறுக்கப்பட்ட நியாயம்

ஜேர்மன்விங்ஸ் துணை விமானியின் வரலாற்றைப் பிரெஞ்சு விபத்து விசாரணைப் பணியகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகக் கூறுகிறது. பயிற்சிக்காலத்தில், 2008இலும் 2009இலும், அவர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றார். குணமடைந்தபின் அவருக்கு ஒரு விசேட நிபந்தனையுடன் சான்றிதழ் வழங்கப்பட்டது: நோய் திரும்புமாயின் சான்றிதழ் செல்லாது. அவர் பயிற்சிக் கட்டணத்தின் பொருட்டு ஏறத்தாழ 41,000 யூரோ கடன்பட்டிருந்தார். அந்நிபந்தனை காரணமாக, தொழிலை இழப்பின் வருமானத்தை ஈடுசெய்யும் மேலதிகக் காப்புறுதியைப் பெறுவதும் அவருக்குக் கடினமாயிற்று. 2014 டிசெம்பரில் நோய்க்குறிகள் மீண்டும் தோன்றின. அவர் வைத்தியர் பலரை நாடினார். 2015 மார்ச் மாதத்தில், விபத்துக்கு இரு வாரங்களுக்கு முன்னர், மனநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுமாறு ஒரு வைத்தியர் அவருக்குப் பரிந்துரைத்தார். பணிக்குத் தகுதியற்றவர் என்று எழுதப்பட்ட வைத்தியச் சான்றிதழ்கள் அவரிடமே தங்கிவிட்டன, நிறுவனத்தைச் சென்றடையவில்லை. வைத்தியருள் எவரும் அதிகாரிகளுக்கு அறிவிக்கவுமில்லை.

இவ்வரலாற்றைப் படிப்பவர் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். அந்நூற்றைம்பது உயிர்களின் அழிவுக்குப் பொறுப்பு அழித்தவனுடையதே. கடனும் காப்புறுதியும் கொலைக்கு நியாயமாகா. மனச்சோர்வுற்றோருள் மிகப் பெரும்பாலானோர் பிறருக்கு எத்தீங்கும் இழைப்பதில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும், குற்றவாளி யார் என்ற கேள்விக்கு விடை கண்டதும் விசாரணை முடிந்துவிடுவதில்லை. சாவதற்கு முந்திய நான்கு மாதங்களில் வைத்தியர் பலரிடம் ஓடிய ஒருவர், தமது தொழிலின் வைத்தியரிடம் மட்டும் ஏன் செல்லவில்லை? அவ்வறிக்கையே விடை தருகிறது: பறக்கும் உரிமையை இழந்துவிடுவோம் என்ற அச்சம், வருமான இழப்புக்கு ஈடு இன்மை, இரகசியம் காத்தல் எங்கே முடிகிறது என்பது பற்றிய சட்டத்தின் தெளிவின்மை ஆகியன அங்கே காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன.

மனநோய் காரணமான விபத்து 2015இல் புதிதாகத் தோன்றியதன்று. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, புக்குவோக்காவிலிருந்து வந்த யப்பானிய விமானமொன்று தோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையை அடையுமுன் கடலில் வீழ்ந்தது. இருந்த 174 பேரில் 24 பேர் இறந்தனர். தலைமை விமானி உளப்பிறழ்வுக்கு உட்பட்டு, தரையிறங்கும் தறுவாயில் இயந்திரங்கள் சிலவற்றை எதிர்விசைக்கு மாற்றினார். சக பணியாளர் அவரைத் தடுக்க முயன்றும் பயனில்லை. அவர் முன்னரே உளநலக் குறைவு காரணமாக ஓய்வளிக்கப்பட்டு, பின்னர் தகுதியுடையவர் எனக் கணிக்கப்பட்டுப் பணிக்குத் திரும்பியிருந்தவர். இருவேறு நாடுகள், முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. சான்றிதழ் மட்டும் இரு இடத்தும் செல்லுபடியாகவே இருந்தது.

மறைப்பு விதிவிலக்கன்று

"இவர்கள் அபூர்வமானோர்; ஏனைய விமானிகள் உண்மையையே எழுதுகின்றனர்" என்பர் சிலர். கிடைத்துள்ள ஆய்வுகள் இதற்கு மாறானவை. 2016இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட, பெயர் குறிப்பிடாத வினாக்கொத்து ஆய்வில், மனநலம் பற்றிய வினாக்களுக்கு 1,848 விமானிகள் விடையளித்தனர். அவர்களுள் 12.6 வீதத்தினர் மனச்சோர்வுக்குரிய அளவையை எட்டியிருந்தனர், 4.1 வீதத்தினர் முந்திய இரு வாரங்களுள் தற்கொலை எண்ணம் தோன்றியதாகக் கூறினர். 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐக்கிய அமெரிக்காவின் 3,765 விமானிகளை வினவிற்று. சான்றிதழை இழக்கும் அச்சத்தால் வைத்திய உதவியை ஏதோவொரு வகையில் தவிர்த்ததாக 56.1 வீதத்தினர் கூறினர். வினாக்கொத்தில் தகவலை மறைத்தோ திரித்தோ எழுதியதாக 26.8 வீதத்தினர் ஒப்புக்கொண்டனர்.

தாமாக முன்வந்து விடையளித்தோரின் கணக்கு முழுத் தொகையினருக்கும் அப்படியே பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும், அரசே தந்த வாக்குமூலமொன்று உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில், ஐக்கிய அமெரிக்காவின் மத்திய விமான நிருவாகம், மனச்சோர்வுக்கான மருந்துகளில் நான்கினை உட்கொள்வோர் உரிய கண்காணிப்பின்கீழ்ப் பறக்கலாம் என முதன்முறையாக அனுமதித்தது. அத்துடன், அதுவரை மறைத்து வந்தோர் ஆறு மாதங்களுள் உண்மையைத் தெரிவிப்பின் நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது என்ற பொதுமன்னிப்பையும் அறிவித்தது. மறைப்போர் இல்லையெனின் மன்னிப்பு எதற்கு?

மருந்து உட்கொள்வோரை விலக்கும் விதி, மனச்சோர்வு உடையோரை விலக்கவில்லை. மருந்து உட்கொள்ளாத மனச்சோர்வினரையே விமானி அறையில் விட்டுவைத்தது. சிகிச்சை பெறுபவன் தகுதியற்றவன், பெறாதவன் தகுதியுடையவன் என்ற இத்தலைகீழ் நியாயத்தின் விளைவு அண்மையிலும் வெளிப்பட்டது. 2023 ஒக்டோபர் 22இல், எவரெட்டிலிருந்து சான்பிரான்சிஸ்கோ நோக்கிப் பறந்த அமெரிக்க விமானமொன்றின் விமானி அறையில், கடமையில் இல்லாத விமானி ஒருவர் மேலதிக இருக்கையில் அமர்ந்து பயணஞ் செய்தார். அவர், இயந்திரங்களை நிறுத்தவல்ல தீயணைப்புக் கைபிடிகளைத் திடீரென இழுக்க முயன்றார். கடமையிலிருந்தோர் தடுத்தமையால் 80க்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். பல ஆண்டுகளாக மனச்சோர்வால் வருந்தியும், பறக்கும் உரிமை பறிபோகுமென்று அஞ்சிச் சிகிச்சையை நாடவில்லை என அவர் பின்னர் கூறினார். அந்நிகழ்ச்சிக்கு இரு நாட்களுக்கு முன்னர், போதை தரும் காளானை அவர் உட்கொண்டிருந்தார். வைத்தியரிடம் செல்லும் வழியை அடைத்தால் நோய் வேறு வழி தேடிக்கொள்ளும்.

கடுமைவாதிகளின் மூன்று வாதங்கள்

முதல் வாதம்: விமானிகளின் மனநலத்தை ஆண்டுதோறும் உளவியற் சோதனைகளால் அளத்தல் வேண்டும் என்பது. இதற்குச் சாதாரண எண்கணிதமே விடையளிக்கும். ஓர் இலட்சம் விமானிகளுள் விமானத்தை வேண்டுமென்றே வீழ்த்தக்கூடியவர் ஒருவர் எனக் கொள்க. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக விடை தரும் அற்புதச் சோதனை ஒன்று இருப்பதாகவும் கொள்க. அத்தகைய உளவியற் சோதனை உலகில் எங்குமில்லை. அச்சோதனை அந்த ஒருவரை அநேகமாகப் பிடித்துவிடும். கூடவே, குற்றமற்ற ஏறத்தாழ ஆயிரம் பேரையும் பிடிக்கும். ஆயிரத்தொருவருள் அவ்வொருவர் யார் என்பதைச் சோதனை சொல்லாது. ஆயிரம் பேரின் தொழிலைப் பறித்தால் அடுத்த ஆண்டு எஞ்சியோர் யாவரும் எவ்வாறு விடையளிப்பர் என்பதை ஊகிக்க உளவியல் கற்றிருக்க வேண்டியதில்லை. எந்த விடை 'சரியான' விடை என்பதை அறிவாளிகளான அவர்கள் விரைவிற் கற்றுக்கொள்வர்.

இரண்டாம் வாதம்: வைத்தியரின் இரகசியக் கடப்பாட்டை நீக்கி, விமானி கூறும் ஒவ்வொரு மனக்குறையையும் அதிகாரிகளுக்கு அறிவிக்கச் செய்தல் வேண்டும் என்பது. உடனடியான பேராபத்து தெரியும்போது வைத்தியர் மௌனம் சாதிக்கலாகாது என்பதில் ஐயமில்லை. மனநோய் வைத்தியசாலைக்குச் செல்லுமாறு பரிந்துரைக்கப்பட்ட ஒருவர் அடுத்த வாரம் விமானமோட்டச் செல்கிறார் என அறியும் வைத்தியர், அதனை எங்கே, எவ்வாறு அறிவிப்பது என்பதைச் சட்டம் தெளிவாக உரைத்தல் வேண்டும். அவ்வாறு அறிவிக்கும் வைத்தியரைச் சட்டம் காத்தலும் வேண்டும். ஆனால், எல்லை வகுப்பது வேறு, கடப்பாட்டையே அழிப்பது வேறு. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தமையாலேயே ஜேர்மன்விங்ஸ் துணை விமானி எந்த வைத்தியரிடமேனும் சென்றார். அந்நம்பிக்கையும் அற்றுப்போயின் இவரைப் போன்றோர் ஒரு வைத்தியரையும் நாடார். அறிவிக்கும் கடமை சட்டத்தில் இருக்கும், அறிவிப்பதற்குச் செய்திதான் இராது.

மூன்றாம் வாதம்: பொதுமக்களின் உயிர் பெரிதா, ஒரு தனிமனிதனின் வேலை பெரிதா என்னும் கேள்வி. கைதட்டலை எளிதிற் பெறும் கேள்வி இது. ஆனால் உயிரையும் வேலையையும் தராசின் எதிரெதிர்த் தட்டுக்களில் வைப்பதே இதன் பிழை. வேலை பாதுகாக்கப்படாமையால் உண்மை மறைக்கப்படுகிறது. உண்மை மறைக்கப்படுவதால் உயிர் ஆபத்துக்குள்ளாகிறது. எனவே, விமானியின் பிழைப்புக்கு அளிக்கும் பாதுகாப்பு பயணியின் உயிருக்கு அளிக்கும் பாதுகாப்பே ஆகும். இதனைச் செலவு என்று கணக்கெழுதும் முதலாளி, விமானத்தின் சக்கரத்துக்கும் இறக்கைக்கும் செய்யும் பராமரிப்பையும் அவ்வாறே எழுதத் துணிவாரா?

'தகுதி' என்னும் சொல்லின் கறை

விமானப் பணியாளரின் அச்சத்தை வெறும் மனப்பிரமை என ஒதுக்குதலும் தகாது. 'தகுதி' என்ற சொல்லின் மறைவில் உடல்நலத்தோடு தொடர்பில்லாத பலவும் நுழைக்கப்பட்ட வரலாறு உண்டு. அக்காலத்தில் இந்தியாவின் அரச விமான நிறுவனமாக இருந்த எயார் இந்தியா, விமானப் பணிப்பெண்கள் 35 வயதை அடைந்தாலோ, சேவையில் நான்கு ஆண்டுகளுக்குள் மணஞ்செய்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ விலக வேண்டுமென விதித்திருந்தது. கருவுறுதல் தொடர்பான விதியை 1981இல் இந்திய உயர்நீதிமன்றம், நர்கேஷ் மீர்சா வழக்கிற் செல்லாததாக்கிற்று. மணம் தொடர்பான விதியை அன்று அது நிலைக்கவிட்டது. தாய்மை ஒரு தகுதிக்குறைவாகக் கருதப்பட்ட தொழில் இது. அவ்வாறே, 1959இல் ஐக்கிய அமெரிக்கா வகுத்த விதி, பயணிகள் விமானங்களைச் செலுத்துவோரை 60 வயது நிறைந்ததும், அவர்தம் உடல்நிலை எதுவாயினும், விலக்கிற்று. 2007இல் அவ்வயது 65 ஆக உயர்த்தப்பட்டபோது மனித உடல் திடீரென ஐந்தாண்டு இளமை பெற்றுவிடவில்லை. மாறியது விதி மட்டுமே.

இத்தகைய வரலாற்றின் நடுவே வாழும் பணியாளர், பரிசோதனை அறையைத் தம் நலங்காக்கும் இடமாகக் கருதாது, தம்மைக் கழித்துவிடக் காரணந் தேடும் இடமாகக் கருதுவாராயின், அக்குறை அவரிடம் மட்டும் இல்லை.

மாற்று வழி கனவன்று

இவ்வளவுக்கும், வேறு வழி உண்டென்பதை இத்துறையே தன் அனுபவத்தால் நிரூபித்துள்ளது. 1974இல் ஐக்கிய அமெரிக்காவில், விமானிகள் சங்கம், நிறுவனங்கள், அரசு ஆகிய முத்தரப்பும் ஒத்துழைத்து, மதுவுக்கு அடிமையான விமானிகளுக்கான திட்டமொன்றைத் தொடக்கின. மதுப்பழக்கம் அதற்கு முன்னர் வேலையிழப்புக்குக் காரணமாக மட்டுமே இருந்தது. புதிய திட்டத்தில் அது நோயாகக் கொள்ளப்பட்டது: சிகிச்சை, சக விமானிகளின் கண்காணிப்பு, மீண்டும் பறக்கும் வாய்ப்பு. அன்றிலிருந்து பல ஆயிரம் விமானிகள் அவ்வழியே தொழிலுக்குத் திரும்பியுள்ளனர். மதுவருந்தி விமானமேறுதல் எத்துணை ஆபத்தானது என்பதை எவரும் மறுப்பதில்லை. அவ்வளவு ஆபத்தான ஒன்றையே தண்டனையால் அன்றித் திரும்பும் பாதையால் வெல்ல முடிந்ததெனின், மனச்சோர்வை ஏன் வெல்ல முடியாது?

அவுஸ்திரேலியா 1987 முதலே, மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் விமானிகளைக் கண்காணிப்புடன் பறக்க அனுமதித்து வந்துள்ளது. அந்நாட்டின் பத்தாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அத்தகைய விமானிகளிடையே விபத்து மிகுந்தமைக்குச் சான்று எதனையும் காணவில்லை. ஐரோப்பாவில் 2021 பெப்ரவரி முதல், ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் விமானிகளுக்குச் சக விமானிகளின் ஆதரவுத் திட்டமொன்றினை ஏற்படுத்தல் சட்டப்படி கட்டாயமாயிற்று. ஒரு விமானி தன் சக விமானியிடம் மனந்திறந்து பேசுவான்; அவர் பயிற்சி பெற்றவர்; வேண்டியவிடத்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வார். ஆயிரம் பக்க வினாக்கொத்து வெளிக்கொணராததை ஒரு தேநீர்ப்பொழுது வெளிக்கொணரக்கூடும்.

இவை தொடக்கங்களே. ஆதரவுத் திட்டத்தில் மனந்திறந்து பேசிய விமானி, மறுமாதம் சம்பளமின்றி வீட்டிலிருக்க நேரின் அவனுக்குப் பின்னால் எவரும் பேசார். ஆகவே, மூன்று காரியங்கள் ஒன்றாக நிறைவேற வேண்டும். முதலாவது, நோய் காரணமாகத் தற்காலிகமாகத் தரையில் நிறுத்தப்படும் பணியாளரின் வருமானமும், நிரந்தரமாகத் தகுதியிழப்போரின் வாழ்க்கையும், நிறுவனச் செலவில் காக்கப்பட வேண்டும். பயிற்சிக் கடன் அவர் கழுத்தை நெரித்தலாகாது. இரண்டாவது, எந்நோய்க்கு எக்கால ஓய்வு, யார் தீர்ப்பர், எத்தனை நாட்களுள் தீர்ப்பர் என்பன முன்கூட்டியே எழுதி அறிவிக்கப்பட வேண்டும். முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருத்தல் தண்டனையின் மறுபெயரே. மூன்றாவது, வைத்தியர் இரகசியம் காக்கும் எல்லையும் அதனை மீற வேண்டிய தருணமும் சட்டத்தில் தெளிவாக வரையப்பட்டு, விமானிக்கும் வைத்தியருக்கும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றின் பின்னரும் பொய் சொல்வோர் சிலர் இருப்பர்; அனர்த்தம் ஒன்றுகூட நேராதென எவராலும் உறுதி கூறல் இயலாது. ஆனால், பொய் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் நல்லோரை நிறுத்திவிட்டு, தீயோரைத் தேடிப்பிடிக்கப் புறப்படுவது அறிவுடைமையன்று. எல்லோரும் மறைக்கும் இடத்தில் ஆபத்தானவன் கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்துகொள்கிறான். எல்லோரும் அச்சமின்றிப் பேசும் இடத்தில் அவனது மௌனமே அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

பார்வையை அளக்க எழுத்துப் பலகையும், குருதியமுக்கத்தை அளக்கக் கருவியும் உண்டு. மனிதன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் உண்மையைப் பெறுவதற்கு உள்ள ஒரே வழி, அவ்வுண்மை அவனை அழிக்காது என்ற உத்தரவாதம். அதனை வழங்க மறுக்கும் அரசுகளும் நிறுவனங்களும் எத்தனை சான்றிதழ்களை அச்சிடினும், பயணிக்குக் கிடைப்பது கடதாசி மாத்திரமே.